பழைய கவுனைப் பிரித்துத் தைக்கலாமா?

பாட்டி தன் மணநாளில் உடுத்திய கவுனைப் பேத்தி தன் மணநாளில் உடுத்த விரும்புகிறாள். மேலை நாடுகளில் இது புதிய வழக்கமன்று. 50, 60 ஆண்டுகளுக்கு முன் தைத்த கவுன்களைத் தேடி வாங்கி அணிவோரும் அங்கே பலர் உளர். அவற்றை விற்பதற்கென்றே இலண்டனிலும் நியூயார்க்கிலும் கடைகள் இருக்கின்றன. துணி அழகாக இருக்கிறது. வேலைப்பாடும் நேர்த்தியாக இருக்கிறது. ஆனால், உடுத்திப் பார்த்தால் இடுப்பில் இறுக்குகிறது, தோளில் தொங்குகிறது. தையற்காரரிடம் கொடுத்தால் ஒரு மாலைப் பொழுதில் பிரித்து, பிடித்து, உடலுக்குப் பொருந்துமாறு தைத்துத் தந்துவிடுவார். கொடுக்கலாமா, கூடாதா?

இது சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் அருங்காட்சியகத்தார், துணிப் பாதுகாப்பு வல்லுநர், உடை வரலாற்றாசிரியர், தையற்கலைஞர் ஆகிய பலரும் இதைப் பற்றிப் பலவாறு பேசி வருகின்றனர். ஒரே விடை எல்லா உடைகளுக்கும் பொருந்தாது. அந்த உடை எந்தக் காலத்தில், எவ்வாறு தைக்கப்பட்டது? அதன் துணிக்குள் இத்தனை ஆண்டுகளில் என்ன நேர்ந்திருக்கிறது? இவ்விரண்டும் தெரிந்தால்தான் விடை கிடைக்கும். முதற் கேள்விக்கு வரலாறும் இரண்டாம் கேள்விக்கு வேதியியலும் துணை செய்கின்றன.

துணிக்குப் பவுன், தையலுக்கு ஷில்லிங்

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர் வீட்டுப் பெண்ணுக்குக் கவுன் தைப்பது எப்படி என்று பார்ப்போம். இலண்டன் நகரின் கிழக்கே உள்ள ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் கைத்தறிகளில் பூவேலைப் பட்டு நெய்தார்கள். துணியின் அகலம் சுமார் 20 அங்குலந்தான். ஆகவே ஒரு கவுனுக்குப் பத்துப் பதினைந்து கெசம் தேவைப்பட்டது. துணியின் விலையைப் பவுனில் கணக்கிட்டார்கள். தைப்பவளின் கூலியையோ ஷில்லிங்கில் கணக்கிட்டார்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங்.

துணி இவ்வளவு விலை உயர்ந்ததாகவும் உழைப்பு இவ்வளவு மலிவாகவும் இருந்தால் தையற்காரி என்ன செய்வாள்? துணியை முடிந்த மட்டும் வெட்டாமல் வைப்பாள். முழு அகலத்தையும் மடிப்பு மடிப்பாகப் பிடித்து முதுகில் தைத்தார்கள். முன்புறத்தைப் பொத்தானால் மூடாமல் குண்டூசிகளால் செருகினார்கள். உள்ளே இருந்த முரட்டு லினன் உள்துணியில் நாடா கோத்து, இறுக்கவும் தளர்த்தவும் வசதி செய்தார்கள். இழுத்தால் பிரிந்து வரும் நீண்ட கைத்தையல்களே பெரும்பாலும் இருந்தன.

நம் வீடுகளில் வளரும் பெண்பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கும்போது கீழே இரண்டு மூன்று மடிப்புகள் பிடித்துத் தைப்பதைக் கண்டிருப்பீர்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவோம். அந்தக் கால இங்கிலாந்துக் கவுனின் முழு அமைப்பும் இதே எண்ணத்தில் உருவானதுதான். பிரித்துத் தைப்பதற்காகவே தைத்த உடை அது.

பார்பரா ஜான்சன் என்ற பெண்மணி இதற்கு நல்ல சான்று விட்டுச் சென்றிருக்கிறார். பாதிரியார் ஒருவரின் மகளான இவர் 1746 முதல் 1823 வரை, தமக்கு வாங்கிய ஒவ்வொரு துணியிலும் சிறு துண்டை வெட்டிப் பழைய கணக்குப் புத்தகம் ஒன்றில் ஒட்டி வைத்தார். எத்தனை கெசம், என்ன விலை, எதற்காகத் தைத்தது என்று அருகில் குறித்தும் வைத்தார். அந்தப் புத்தகம் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. ஒருவர் தம் வாழ்நாள் முழுவதும் துணியை எவ்வளவு மதிப்பாகக் கருதினார் என்பதை அதன் பக்கங்கள் காட்டுகின்றன.

ஒரு துணி, இரு வயது

இங்கே வரலாற்றாசிரியருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு கவுனின் வயதை எப்படிக் கண்டறிவது?

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களுக்குப் பூவேலைப்பாடுகளை வரைந்து தந்தவர்களுள் ஆனா மரியா கார்த்வைட் என்ற பெண்மணி புகழ் பெற்றவர். இவர் 1763இல் காலமானார். இவர் நீர்வண்ணத்தில் வரைந்த 800க்கு மேற்பட்ட படங்கள் மேற்சொன்ன அருங்காட்சியகத்தில் உள்ளன. பல படங்களில் வரைந்த ஆண்டும் அதை வாங்கிய நெசவாளர் பெயரும் இருக்கின்றன. ஆகவே ஒரு கவுனின் பூவேலை இந்தப் படங்களுள் ஒன்றோடு ஒத்திருந்தால், அந்தப் பட்டு நெய்யப்பட்ட காலத்தை ஓரிரு ஆண்டுப் பிழைக்குள் சொல்லிவிடலாம்.

ஆனால் கவுனின் வெட்டும் தையலும் வேறு காலத்தைச் சொல்லும்! 1740களில் நெய்த பட்டு 1770களின் அல்லது 1780களின் பாணியில் தைக்கப்பட்டிருக்கும். முதுகில் தளர்வாகத் தொங்கிய மடிப்புகளை உடலோடு ஒட்டத் தைத்திருப்பார்கள். சில பட்டுகள் நூறாண்டு கழித்து, 1840களில், பேத்திகளுக்காக மீண்டும் பிரித்துத் தைக்கப்பட்டன. பின்னர் மாறுவேட விருந்துகளுக்காகவும் அவற்றைத் திருத்தினார்கள்.

நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற துணிகளும் இந்த வரலாற்றில் உண்டு. பருத்தித் துணியில் கையால் வரைந்து, சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏற்றிய சீட்டித் துணிகளை இங்கிலாந்திலும் ஹாலந்திலும் போட்டி போட்டு வாங்கினார்கள். உள்நாட்டு நெசவாளரின் எதிர்ப்பினால் இங்கிலாந்து 1721இல் சட்டம் இயற்றி இத்தகைய துணிகளை உடுத்துவதைத் தடுத்தது. 1774இல்தான் அந்தத் தடை நீங்கியது. கிடைத்தற்கரிய துணி ஆகிவிட்டதால் சீட்டிக் கவுன்களையும் பிரித்துத் பிரித்துத் தைத்தார்கள். பெரிய கவுன் சிறியதாயிற்று, கவுன் சட்டையாயிற்று, கடைசித் துண்டுகள் குழந்தையின் தொப்பியாயின.

இவற்றைப் பார்க்கும்போது ஓர் உண்மை விளங்கும். அந்தக் காலத்து உடைகளுள் பல, பிரித்துத் தைத்ததனால்தான் தப்பிப் பிழைத்தன. பயன்படாத உடை கந்தலுக்குப் போயிருக்கும். அதே வேளையில், ஒவ்வொரு முறை பிரித்தபோதும் முதல் தையற்காரியின் வேலைப்பாட்டில் ஒரு பகுதி அழிந்தது. பழைய உடையைத் திருத்துவதில் உள்ள நன்மையும் தீமையும் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

பூட்டுத் தையலும் அளவு எண்ணும்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846இல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851இல் தம் இயந்திரத்துக்குப் பெற்றார். இந்த இயந்திரங்கள் மேலே ஒரு நூலும் கீழே ஒரு நூலுமாக இரண்டையும் துணிக்குள் கோத்துப் பூட்டுகின்றன. நூலை ஒருமுனையில் இழுத்தால் இது பிரியாது. ஒவ்வொரு தையலாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். நெருக்கமாக நெய்த பட்டில் ஊசி போன வழியெல்லாம் துளை நின்றுவிடும். கம்பளித் துணியில் நீராவி பட்டால் துளை பெரும்பாலும் மூடிக்கொள்ளும், பட்டில் மூடாது.

துணி மலிவாயிற்று. ஆயத்த உடைகள் கடைக்கு வந்தன. ஒருவர் உடலை அளந்து ஒருவருக்கென்றே தைத்த நிலை போய், உடலுக்கு ஓர் எண் வந்தது. அமெரிக்க அரசின் மனையியல் அலுவலகம் 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய 15,000 பெண்களை அளந்தது. ஒவ்வொருவரிடமும் 59 அளவுகள் எடுத்தார்கள். வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது இந்த ஆய்வின் பெருங்குறை. இதன் அடிப்படையில் 1958இல் அளவுத் தரம் ஒன்று வெளியாயிற்று. நிறுவனங்கள் நாளடைவில் தத்தம் விருப்பப்படி எண்களை மாற்றின. 1983இல் அரசு அந்தத் தரத்தையே விலக்கிக்கொண்டது. 1958ஆம் ஆண்டுத் தரத்தின்படி 8ஆம் எண் உடைக்கு மார்பளவு 31 அங்குலம். இன்று அதே எண்ணுள்ள உடை பல அங்குலம் பெரியது. ஆகவே பழைய கவுனின் கழுத்துப் பட்டையில் உள்ள எண்ணை நம்பி வாங்குவோர் ஏமாறுவது வியப்பன்று. அளவுநாடாதான் உண்மை சொல்லும்.

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். 1860களின் கவுனை இறுக்கமான கச்சு அணிந்த உடலின் மேல் தைத்தார்கள். 1950களின் கவுனுக்குள்ளும் இடுப்பை ஒடுக்கும் மீள்பட்டை உள்ளாடை இருந்தது. இன்று அவற்றை யாரும் அணிவதில்லை. ‘கவுன் பொருந்தவில்லை’ என்று நாம் சொல்லும்போது, பல நேரங்களில் குறை கவுனில் இல்லை. அதன் அடியில் இருந்த உள்ளாடை இல்லாமற்போனதே காரணம். கத்திரியை எடுப்பதற்கு முன், அந்தக் காலத்து உள்ளாடை போன்ற ஒன்றை அணிந்து பார்ப்பது வல்லுநர்கள் கூறும் முதல் யோசனை.

போர்க்காலக் கவுன்கள்

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பிரித்துத் தைக்கும் கலை மீண்டும் தலையெடுத்தது. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்குப் பங்கீடு வந்தது. முதல் ஆண்டில் ஒருவருக்கு 66 சீட்டுகள். ஒரு கம்பளிக் கவுனுக்கே 11 சீட்டுகள் போய்விடும். பழையதைச் சீர்செய்து உடுத்துவது எப்படி என்று கற்பிக்கும் கையேடு ஒன்றை அரசு 1943இல் வெளியிட்டது. இரு கவுன்களைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். கணவனின் கோட்டு மனைவியின் மேலுடையாயிற்று. 1949 மார்ச்சில்தான் துணிப் பங்கீடு ஒழிந்தது.

உடை தயாரிப்பாளருக்கும் கட்டுப்பாடு இருந்தது. ஒரு கவுனில் எத்தனை பொத்தான், எத்தனை மடிப்பு, எத்தனை தையல் இருக்கலாம் என்று 1942ஆம் ஆண்டு ஆணைகள் வரையறுத்தன. ஆகவே அந்த ஆண்டுகளில் கடையில் வாங்கிய கவுனைத் தளர்த்த எண்ணுவோருக்கு உள்ளே விட்ட துணி மிகக் குறைவாகவே அகப்படும். கவுனின் உட்புறமே அது பிறந்த காலத்தின் வறுமையைச் சொல்கிறது.

பட்டு ஏன் நொறுங்குகிறது?

இனி வேதியியலுக்கு வருவோம். பெட்டியில் பத்திரமாக மடித்து வைத்த பட்டுக் கவுன், யாரும் உடுத்தாமலே கோடு கோடாகக் கிழிந்து கிடப்பதுண்டு. பூச்சி அரிக்கவில்லை, நீர் படவில்லை. பின் ஏன் கிழிந்தது?

பட்டு நூலில் பைப்ராயின் என்னும் புரத இழையைச் செரிசின் என்னும் பசை சூழ்ந்திருக்கும். பட்டைச் சோப்புக் கரைசலில் காய்ச்சினால் பசை நீங்கிப் பளபளப்பு வரும். ஆனால் எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். பட்டையோ எடை போட்டு விற்றார்கள்! இழந்த எடையை ஈடுசெய்ய ஆலைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். பட்டை வெள்ளீயக் குளோரைடுக் கரைசலில் ஊறவைத்து, பின் சோடியம் பாஸ்பேட்டிலும் சோடியம் சிலிக்கேட்டிலும் அடுத்தடுத்து அமிழ்த்தினார்கள். வெள்ளீய உப்புகள் இழைக்குள் படிந்தன. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் பட்டின் எடையை இரு மடங்காகவும் ஆக்கலாம். துணி கனமாகத் தொங்கியது. நடந்தால் சலசலவென்று ஒலித்தது. வாங்குவோர் மகிழ்ந்தார்கள்.

1890களிலிருந்து 1930கள் வரை மேலை நாடுகளில் இந்தப் பட்டு ஏராளமாக விற்றது. ஆனால் ஒளியும் காற்றும் பட்டபோது, இந்த உப்புகள் பைப்ராயின் சிதைவதை விரைவுபடுத்தின. மடிப்பு விழுந்த இடங்களில் இழைகள் ஒடிந்தன. கண்ணாடி நொறுங்குவது போலத் துணி நொறுங்கியது. இதைத் திரும்பவும் வலுவாக்க வழி இல்லை. 1938இல் அமெரிக்க வாணிக ஆணையம் ஒரு விதி வகுத்தது. ‘தூய பட்டு’ என்று சொல்ல வேண்டுமானால் ஏற்றிய எடை 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கறுப்புப் பட்டில் 15 விழுக்காடு வரை இருக்கலாம்.

இரும்பும் இதே போலத் தீங்கு செய்யும். இரும்பு உப்பும் கடுக்காய் போன்றவற்றில் உள்ள துவர்ப்புப் பொருளும் சேர்த்து ஏற்றிய கறுப்பு, பழுப்புச் சாயங்கள் துணியை நாளடைவில் அரிக்கின்றன. பழைய சீட்டித் துணிகளில் சிவப்புப் பூ அப்படியே இருக்க, அதைச் சுற்றி வரைந்த கறுப்புக் கோடு மட்டும் இற்றுப்போய் ஓட்டையாக நிற்பது இதனால்தான். வியர்வை பட்ட அக்குள் பகுதியும் எந்தத் துணியிலும் முதலில் இற்றுப்போகும்.

இத்தகைய துணியில் புதிய தையல் போட்டால் என்ன ஆகும்? தையல் நிற்கும், அதன் அருகில் துணி கிழியும். அஞ்சல் தலைகளைப் பிரிப்பதற்காகத் தாளில் வரிசையாகத் துளையிட்டிருப்பார்கள் அல்லவா? அதுபோல ஊசித்துளை வரிசையே கிழிசலுக்கு வழியாகிவிடும். வலுவான செயற்கை நூலால் தைத்தால் தீங்கு இன்னும் மிகுதி. இழுவிசை வரும்போது நூல் அறுந்தால் மீண்டும் தைக்கலாம். துணி அறுந்தால் என் செய்வது? ஆகவே துணியைவிட வலிமை குறைந்த நூலால், கையால், சற்று நீண்ட தையலாகப் போட வேண்டும் என்பது துணிப் பாதுகாப்பாளர் கைக்கொள்ளும் நெறி.

உள்தையல் சொல்லும் செய்தி

தையற்காரர் பழைய உடையைப் பிடித்துத் தைத்ததும், உள்ளே மிஞ்சிய துணியை நறுக்கி எறிந்துவிடுவது வழக்கம். தடித்து நிற்காமல் இருக்க அது வசதிதான். ஆனால் எறியும் அந்தத் துண்டில்தான் உடையின் வரலாறு இருக்கிறது.

1856இல் 18 வயது மாணவர் வில்லியம் பெர்க்கின், கொய்னா மருந்தைச் செயற்கையாக ஆக்க முயன்றபோது ஊதாச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்து வளர்ந்தது. அந்தக் காலத்துச் சாயங்கள் பல ஒளி பட்டு மங்கிவிட்டன. இன்று நாம் காணும் வெளிறிய சாம்பல் நிறக் கவுன் ஒரு காலத்தில் கண்ணைப் பறிக்கும் ஊதாவாக இருந்திருக்கலாம். அதற்குச் சான்று எங்கே? வெளிச்சம் படாத உள்தையலில்! அங்கே மட்டும் சாயம் புதிதாக இருக்கும். கவுனைத் தளர்த்தத் தையலைப் பிரித்தால் அந்தப் பளிச்சென்ற பட்டை வெளியே தெரிந்து உடையின் அழகைக் கெடுக்கும். நறுக்கிவிட்டாலோ உண்மை நிறத்தின் கடைசிச் சான்றும் போய்விடும்.

உடல் விட்டுச் சென்ற சுருக்கம்கூடச் சான்றுதான். எகிப்தில் தர்கான் என்னும் இடத்தில் பிளிண்டர்ஸ் பெட்ரி 1913இல் அகழ்ந்தெடுத்த அழுக்குத் துணிக் குவியல் ஒன்று இலண்டனில் பல்லாண்டு பிரிக்கப்படாமல் கிடந்தது. 1977இல் பாதுகாப்பாளர்கள் அதைத் தூய்மை செய்தபோது, நுண்ணிய மடிப்புகள் வைத்துத் தைத்த லினன் சட்டை ஒன்று வெளிப்பட்டது. கரிம ஆய்வின்படி அது கி.மு. 3482க்கும் 3102க்கும் இடைப்பட்டது. நெய்த துணியாலான உடைகளுள் நமக்குக் கிடைத்த மிகப் பழையது. அதன் முழங்கையிலும் அக்குளிலும் இருந்த சுருக்கங்கள், அது பிணத்துக்காகத் தைத்ததன்று, உயிருடன் இருந்த ஒருவர் உடுத்தியது என்று காட்டின. யாரேனும் அதை இழுத்துத் தேய்த்து மடித்திருந்தால் இந்தச் செய்தி நமக்குக் கிடைத்திராது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேனட் ஆர்னால்ட் இத்தகைய சான்றுகளைப் படிப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டார். அருங்காட்சியகங்களில் உள்ள கவுன்களைப் பிரிக்காமலே, ஒவ்வொரு தையலையும் அளந்து, கட்டம் போட்ட தாளில் வெட்டு வரைபடமாக வரைந்தார். அந்த வரைபடங்களின் முதல் தொகுதி 1964இல் வெளியாயிற்று. அவற்றைக் கொண்டு, பழைய கவுனைத் தொடாமலே அதே போன்ற புதிய கவுனை எவர் அளவுக்கும் தைத்துக்கொள்ளலாம். மூலத்தைக் காப்பாற்றி ஆசையையும் நிறைவேற்றும் வழி இது.

இரு உடைகள், இரு முடிவுகள்

அண்மைக்காலத்தில் உலகம் முழுதும் பேசப்பட்ட இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். இரு உடைகளும் 1962இல் வெளியில் உடுத்தப்பட்டவை.

முதலாவது, பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத்துக்காக நார்மன் ஹார்ட்னெல் வடிவமைத்த தந்த நிறப் பட்டுக் கவுன். ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ திரைப்படத்தின் முதற்காட்சிக்கு அரசி அதை உடுத்திச் சென்றார். 2020 ஜூலை 17இல் அரசியின் பேத்தி பியாட்ரிஸ் தம் திருமணத்தில் அதையே அணிந்தார். அதற்குக் கை இல்லை. மெல்லிய துணியால் குட்டைக் கைகளைச் சேர்த்தார்கள். பேத்தியின் உடலுக்கு ஏற்பத் திருத்தியும் அமைத்தார்கள். ஆனால் மார்பிலும் இடையிலும் இருந்த மணி வேலைப்பாடு அப்படியே நின்றது. பின்னர் அந்தக் கவுன் விண்ட்சர் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

இரண்டாவது, நடிகை மர்லின் மன்றோவின் உடை. 1962 மே 19இல் நியூயார்க்கில் ஜனாதிபதி கென்னடியின் பிறந்தநாள் விழாவில் அவர் பாடியபோது உடுத்தியது. உடலோடு ஒட்டித் தைத்த மெல்லிய பட்டு. அதில் ஏறக்குறைய 2,500 கண்ணாடிக் கற்கள். 2016இல் அது 48 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2022 மே மாதம் நியூயார்க்கில் நடந்த விழா ஒன்றில் தொலைக்காட்சிப் பிரபலமான கிம் கார்தாசியன் அதை அணிந்தார். உடையை மாற்ற இசைவில்லை. ஆகவே அவர் தம் உடல் எடையைக் குறைத்தார். அப்படியும் முதுகுப்புறம் மூடவில்லை. மேலே ஒரு போர்வையால் மறைத்துக்கொண்டார். படிகளில் ஏறியதும் கழற்றிவிட்டு, அதைப் போன்ற நகல் உடைக்கு மாறினார். அதன்பின், கற்கள் உதிர்ந்திருக்கின்றன, துணி விரிந்திருக்கிறது என்று சிலர் படங்களுடன் குற்றஞ்சாட்டினார்கள். உடையின் உரிமையாளர்களான காட்சிக்கூடத்தார், அவர் அணிந்ததால் சேதமில்லை என்று மறுத்தார்கள். உலக அருங்காட்சியகக் கழகத்தின் உடைப் பிரிவு அப்போது ஓர் அறிக்கை வெளியிட்டது. வரலாற்றுச் சிறப்புள்ள உடைகளை எவரும் அணியக்கூடாது என்பதே அதன் சாரம்.

இந்த இரண்டிலிருந்து நாம் அறிவது என்ன? முதல் உடையைத் திருத்தினார்கள். அது குடும்பத்துக்குள் மீண்டும் உயிர் பெற்றது. இரண்டாம் உடையில் ஒரு தையலைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் அதற்கு நேர்ந்த இடர் மிகப் பெரிது. பொருந்தாத உடையைத் திருத்தாமல் உடலுக்குள் திணிப்பதும் ஒரு சேதந்தான். திருத்தலாமா என்று கேட்பதற்கு முன், உடுத்தலாமா என்று கேட்க வேண்டும்.

எவ்வாறு முடிவு செய்வது?

முதலில் கவுனை உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி, விரித்து வையுங்கள். கைத்தையலா, இயந்திரத் தையலா? முன்பே யாரேனும் பிரித்துத் தைத்திருக்கிறார்களா? வெற்றுத் துளை வரிசைகள் அதைக் காட்டிக்கொடுக்கும். அவ்வாறு முன்பே திருத்திய உடையில் இன்னொரு திருத்தம் செய்வது பெரும்பாலும் பெருங்குற்றமாகாது. எவரும் தொடாத உடை, அதிலும் பெயர் பெற்ற வடிவமைப்பாளரின் உடை, அப்படியே இருப்பது நல்லது.

இரண்டாவதாகத் துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மெல்லிய கோடுகளாக ஒளி தெரிந்தால், மடித்த இடத்தில் தூளாக உதிர்ந்தால், அது உடுத்தத் தக்கதன்று. அதைத் திருத்தும் பேச்சே எழாது.

மூன்றாவதாக அளவு. உடை பெரியதாக இருந்தால் வேலை எளிது. வெட்டாமல் உள்ளே பிடித்துத் தைத்தால் போதும், வேண்டாதபோது பிரித்துவிடலாம். சிறியதாக இருந்தால் கணக்குப் போட வேண்டும். இரு பக்கத் தையல்கள். ஒவ்வொரு தையலிலும் இரண்டு விளிம்புகள். ஆக நான்கு விளிம்புகள். ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் தளர்த்த முடிந்தால் மொத்தம் 2 அங்குலம் கிடைக்கும். அதற்கு மேல் தேவையானால் அந்த உடை உங்களுக்குரியதன்று. நம் தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் வெட்டில், அதாவது பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே 45 பாகையில் வெட்டித் தைத்த உடையில், பக்கத் தையலைத் தொடுவது ஆபத்து. பாரிசில் மதலேன் வியோனே 1920களிலும் 1930களிலும் புகழ்பெறச் செய்த வெட்டு இது. துணி இழுபட்டு உடலைத் தழுவித் தொங்குவதே அதன் அழகு. ஓரிடத்தில் பிடித்தால் முழு உடையும் சுருங்கி முறுக்கிக்கொள்ளும்.

நான்காவதாக, திருத்துவது என்று முடிவாகிவிட்டால், முதலில் படமெடுத்து அளவுகளைக் குறித்து வையுங்கள். உள்தையலை நறுக்கவேண்டாம் என்று தையற்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். கழற்றிய பொத்தான், நாடா, நூல் ஆகியவற்றைக்கூட ஓர் உறையில் போட்டு உடையோடு வையுங்கள். இங்கிலாந்தில் 1975இல் கேரன் ஃபிஞ்ச் அம்மையார் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தொடங்கிய துணிப் பாதுகாப்பு மையம் போன்ற பயிற்சிக்கூடங்களில் கற்பித்த நெறிகள் இவையே: குறைவாகத் தொடு, செய்ததைத் திரும்பப் பிரிக்க முடியுமாறு செய், செய்ததைக் குறித்து வை.

இந்த நெறிகளுக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஊசியும் நூலும் அளவுநாடாவும் சிறிது பொறுமையும் போதும். சேர்த்த தையலை நாளை பிரித்துவிடலாம். வெட்டிய துணியை யாராலும் திரும்ப ஒட்ட இயலாது. பேத்தி இன்று அந்தக் கவுனை மகிழ்ச்சியோடு உடுத்தட்டும். அவளுடைய பேத்தி ஒருநாள் அதைத் திருப்பிப் பார்க்கும்போது, முதல் தையற்காரியின் தையலும் அவள் பாட்டி போட்ட தையலும் அருகருகே இருக்கட்டும்.